கேமரா கேள்வி-பதில்: மூன்றரை லட்சத்துக்கு என்ன கிடைக்கும்?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலையைப் பற்றியவை. எழுதுபவர்கள் மூன்று செய்திகளைத் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: எதைப் படம் எடுக்கிறீர்கள், கையில் இப்போது என்ன கேமராவும் லென்ஸும் இருக்கின்றன, எடுத்த படத்தை என்ன செய்கிறீர்கள். மூன்றாவதை யாருமே எழுதுவதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவும் அதோடு வந்த கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். மூன்றரை லட்சம் விலையுள்ள நிகான் இசட் 8 வாங்கினால் என் படங்கள் மேம்படுமா?
(வங்கி அலுவலர், ஈரோடு)

இதற்கான பதில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. கடந்த ஓராண்டில் தேறாது என்று ஒதுக்கிய படங்களில் ஐம்பதை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கை அசைந்தது, உச்சி வெயிலில் போனேன், தலைக்குப் பின்னால் மின்கம்பம் நின்றது என்றே பட்டியல் நீண்டால், அவற்றில் ஒன்றைக்கூட மூன்றரை லட்சம் ரூபாய் சரிசெய்யாது. ஓடுகிற பிள்ளையை ஃபோகஸ் விட்டுவிட்டது, ஐஎஸ்ஓ 6400 என்ற அதிக ஒளியுணர்வில் நிழல் பகுதி சேறாகிவிட்டது, பஃபர் (படங்கள் கார்டில் ஏறும்வரை காத்திருக்கும் நினைவகம்) நிறைந்து கேமரா முழித்துக்கொண்டிருந்தபோது தருணம் போய்விட்டது என்பன போன்ற காரணங்கள் பத்துக்கு மேல் வந்தால் கடைப் பக்கம் போகலாம். இசட் 8இல் உள்ள, 35 எம்எம் பிலிம் அளவான ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு உங்களுடையதைவிட ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு பெரியது என்பதால், ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரட்டிப்பாவதுதான் ஒரு ஸ்டாப்) சற்று அதிகமாக, நாய்ஸ் எனப்படும் புள்ளி இரைச்சல் குறையும். ஆனால் கிட் லென்ஸின் எஃப்/5.6 துளையை விட்டு, அதைவிட அகலமாகத் திறக்கும் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும். அதன் விலை இருபதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை முதலில் வாங்கி ஆறு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுங்கள்.

பட்ஜெட் ஐந்து லட்சம். சிறந்த கேமரா எது? உடனே பதில் தேவை.
(திருச்சி)

எதை எடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. சிறந்த கேமரா என்று ஒன்று இருந்திருந்தால் இந்தப் பகுதிக்கே வேலை இருந்திருக்காது.

கூந்தன்குளத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் ஒவ்வொரு பருவமும் போகிறேன். பறவைப் படங்களுக்கு இசட் 8 அவசியம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
(ஆசிரியர், திருநெல்வேலி)

நண்பர்கள் லென்ஸைப் பற்றி என்ன சொன்னார்கள்? இசட் 8 பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) வாங்கிவிட்டு, பணம் தீர்ந்துபோய், 24-120 லென்ஸோடு கரையில் நின்று கூழைக்கடாவைப் புள்ளியாக எடுத்துக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ எண்பதாயிரத்துக்கு நிகான் இசட் 50 II பாடியும், ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு 180-600 லென்ஸும் வாங்கினால், இரண்டும் சேர்ந்தே இசட் 8 பாடியின் விலையைவிடக் குறைவு. இசட் 50 IIஇன் சென்சார் ஏபிஎஸ்-சி என்பதால், அதில் 600 எம்எம் என்பது ஃபுல் ஃபிரேமில் 900 எம்எம்மின் கோணத்தைத் தரும். இசட் 8இன் 45 மெகாபிக்ஸல் படத்தை அதே கோணத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது 19. இசட் 50 IIஇல் கிடைப்பது 21. ஆக, நாரையின் இறகின்மேல் விழும் பிக்ஸல் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பறவையின் கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் வசதி விலை குறைந்ததிலும் இருக்கிறது. இசட் 8 கூடுதலாகத் தருவது வேகம், பெரிய பஃபர், படம் எடுக்கும் நொடியிலும் இருண்டுபோகாத வ்யூஃபைண்டர் ஆகியவை. மீன்கொத்தி பாய்கிற நொடிக்காகக் காத்திருப்பவருக்கு அவை பெரிய விஷயம்தான், கூட்டில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள்மூக்கு நாரையை எடுப்பவருக்கு அல்ல. லென்ஸ் இரண்டு கிலோ கனம் என்பதையும் தோள்வலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

24 மெகாபிக்ஸலிலிருந்து 61க்கு மாறினால் படத்தில் இரண்டரை மடங்கு விவரம் கூடும் அல்லவா? பெரும்பாலும் தெருக்களையும் கோயில்களையும் எடுக்கிறேன்.
(மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

கூடாது. மெகாபிக்ஸல் என்பது பரப்பின் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் விவரமோ நீளத்தையும் அகலத்தையும் பொறுத்தது. 24 மெகாபிக்ஸல் படத்தின் அகலம் 6000 பிக்ஸல், 61 மெகாபிக்ஸல் படத்தின் அகலம் ஏறக்குறைய 9500. ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதுவும் முக்காலி, தேர்ந்த லென்ஸ், எஃப்/8ஐவிட அதிகம் சுருங்காத துளை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான். கையில் பிடித்து 1/60 நொடியில் எடுத்தால், கூடுதல் பிக்ஸல்கள் உங்கள் கை நடுக்கத்தைக் கூடுதல் துல்லியத்தோடு பதிவு செய்யும். சுருக்காத ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) ஒன்று 120 எம்பி என்பதால், ஒரு தேர்த் திருவிழாவில் ஆயிரம் படம் எடுத்துவிட்டு வீடு திரும்பினால் 120 ஜிபி காலி.

இந்த இடத்தில் என் பழைய மனக்குறை ஒன்றைக் கொட்டாமல் மேலே போக முடியவில்லை. 61 மெகாபிக்ஸல் வாங்கியவர்களில் எத்தனை பேர் தங்கள் படத்தை ஒரு முறையாவது காகிதத்தில் பார்த்திருக்கிறார்கள்? கைபேசித் திரையின் நீளம் 2400 பிக்ஸலை ஒட்டி. 4கே தொலைக்காட்சி முழுவதுமே எட்டேகால் மெகாபிக்ஸல். ஒளிப்படப் போட்டிகள் பலவும் 1920 பிக்ஸல் அகலத்துக்குச் சுருக்கி அனுப்பச் சொல்கின்றன. அதாவது லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டை உங்கள் கையாலேயே அழித்துவிட்டு, மிச்சம் இரண்டரையை நடுவருக்கு அனுப்புகிறீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்காக, ஒரே தெருவின் இரண்டு படங்களை 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். ஒன்று 2008இல் வந்த நிகான் டி700இல், வெறும் 12 மெகாபிக்ஸலில் எடுத்தது. மற்றது 2017இல் வந்த டி850இல், 45 மெகாபிக்ஸலில் எடுத்தது. முதலாவதில் அங்குலத்துக்கு 236 பிக்ஸல், இரண்டாவதில் 458. பிரிண்ட் போடும் லேபில் கேட்பதோ 300தான். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று கேட்டேன். இருபது பேர் மேசையைச் சூழ்ந்து நின்றார்கள். தாளைத் தூக்கிக் குழல்விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதையே பூதக்கண்ணாடியாகப் பிடித்து மூலை மூலையாக மேய்ந்தார். பாதிப் பேர் மாற்றிச் சொன்னார்கள். சரியாகச் சொன்னவர்களில் அந்தப் பெரியவர் மட்டும் காரணம் சொன்னார்: டீக்கடைப் பலகையின் அடியில் பெயிண்டர் போட்டிருந்த கையெழுத்தை ஒரு பிரிண்டில் படிக்க முடிந்தது, மற்றதில் முடியவில்லை. மீதிப் பேர் ஊகித்ததாக ஒப்புக்கொண்டார்கள். அதே படங்களை 24×36இல் போட்டிருந்தால் கையெட்டும் தூரத்திலேயே வித்தியாசம் தெரிந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆகவே, அந்த அளவுக்கு உங்கள் வீட்டுச் சுவரில் இடம் இருக்கிறதா என்று முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். இடம் இருந்து, கோபுரச் சிற்பங்களை முக்காலி வைத்து எடுப்பவராகவும் இருந்தால், 61 மெகாபிக்ஸல் உங்களுக்கானதுதான். இல்லையென்றால் இருக்கிற கேமராவில் எடுத்ததில் மாதம் ஒன்றை, சில நூறு ரூபாய் செலவழித்து, 12×18இல் பிரிண்ட் போடுங்கள். கோணலாக நிற்கும் தொடுவானமும் வெளுத்துப்போன வானமும் காகிதத்தில் தெரிகிற மாதிரித் திரையில் தெரிவதில்லை.

லைக்கா எம்11 எட்டு லட்சம் பெறுமா?
(மருத்துவர், மதுரை)

படத்தின் தரத்துக்காக என்றால் பெறாது. 60 மெகாபிக்ஸல், ஆட்டோஃபோகஸ் கிடையாது, வீடியோ கிடையாது, அதே தரத்தை இதில் பாதி விலைக்கும் குறைவாக வாங்கலாம். ஆனால் 1954இல் எம்3 கேமராவுக்காகச் செய்த லென்ஸ் இன்றும் அதில் பொருந்துகிறது; கையால் ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றின்மேல் ஒன்று படிகிற அந்த நொடியின் சுகத்துக்கு நான் விலை சொல்ல மாட்டேன். ஆசைக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குபவரோடு எனக்குச் சண்டையே இல்லை. முதலீடு என்று வீட்டில் சொல்லி வாங்குபவரோடுதான் சண்டை.

சபாவில் ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்பதால் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கிறேன். எல்இடி விளக்கில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. மிருதங்கக் கலைஞரின் விரல்கள் வளைந்து தெரிகின்றன. விலை உயர்ந்த கேமராவில் இது தீருமா?
(மயிலாப்பூர்)

கேள்வி என்றால் இப்படிக் கேட்க வேண்டும். சாதாரணச் சென்சார் மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை படித்து முடிக்க 1/15 முதல் 1/60 நொடி வரை ஆகிறது. அதற்குள் விரல் நகர்ந்துவிடுகிறது, விளக்கும் பலமுறை அணைந்து எரிந்துவிடுகிறது. வேகமாகப் படிக்கும்படி மின்சுற்றை அடுக்கிய ஸ்டேக்டு சென்சார் கொண்ட சோனி ஏ1 (2021), நிகான் இசட் 8 (2023) ஆகியவற்றில் இது ஏறக்குறைய 1/250 நொடிக்கு இறங்குகிறது. மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் இசட் 8 வருவது அந்தத் துணிச்சலில்தான். விரல்கள் நேராகிவிடும். கோடுகள் குறையுமே தவிர முழுக்கப் போகாது. ஷட்டர் வேகத்தை நுண்ணிய அளவில் மாற்றும் வசதியைப் பயன்படுத்தி, வ்யூஃபைண்டரில் பட்டை மறையும் வரை திருகிப் பார்க்க வேண்டும். எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டரோடு சோனி ஏ9 III 2023 இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதில் கோடு விழாது, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறக்கூடும். விலையும் மிக அதிகம். உங்கள் தேவைக்கு இசட் 8 போதும். இந்த மாதக் கடிதங்களில் அவ்வளவு பணம் கொடுக்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வது உங்களுக்கு மட்டும்தான். இந்திய வாரண்டியோடு, சீரியல் எண் எழுதிய பில்லோடு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் டி850 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஷட்டர் கவுண்ட் (இதுவரை ஷட்டர் இயங்கிய எண்ணிக்கை) 1,20,000. பில் தொலைந்துவிட்டதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
(சேலம்)

அதன் ஷட்டர் இரண்டு லட்சம் வரை சோதிக்கப்பட்டது, அதில் பயமில்லை. பயம் பில்லில்தான். நானும் ஒரு காலத்தில் நாற்பதாயிரம் மிச்சம் என்று பில் இல்லாத லென்ஸ் ஒன்றை வாங்கி, அது பழுதானபோது சர்வீஸ் சென்டரில் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டவன். வேண்டாம்.

கேமராவையும் லென்ஸையும் தோல் பையோடு பீரோவில், அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் போல ஏதோ தெரிகிறது.
(தூத்துக்குடி)

அது பூஞ்சை. உடனே சுத்தம் செய்யக் கொடுங்கள்; கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் திரும்பாது. தோல் பை ஈரத்தைப் பிடித்துவைக்கும். அந்துருண்டை பூச்சிக்கு, ஈரத்துக்கு அல்ல. கடற்கரை ஊரில் மூன்று லட்சத்துக்குக் கேமரா வாங்கியவர் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினெட்டை வாங்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை. ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும்; இதை நான் எழுதாத மாதம் இல்லை.

என் கைபேசியே 48 மெகாபிக்ஸல். கேமரா எதற்கு?
(வேலூர்)

வீட்டு விசேஷங்களுக்கு வேண்டியதில்லை. சுண்டுவிரல் நகத்தளவு சென்சாரில் அத்தனை பிக்ஸல். இரவில் எடுத்ததைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மகள் விஸ்காம் சேர்ந்திருக்கிறாள். மூன்று லட்சத்தில் கேமரா கேட்கிறாள். உடன் படிப்பவர்கள் வைத்திருக்கிறார்களாம்.
(ஒரு தந்தை, நாகர்கோவில்)

2018இல் வந்த சோனி ஏ7 III போன்ற 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃபிரேம் ஒன்றை, பில்லோடு, செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுங்கள். கூடவே 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். பட்ஜெட்டில் பாதிகூடச் செலவாகாது. மூன்றாண்டுப் படிப்பில் அவள் எடுக்கப்போகும் எந்தப் படத்துக்கும் அது குறுக்கே நிற்காது. இரண்டாம் ஆண்டில் அவளே வந்து, இன்ன படம் இதனால் எடுக்க முடியவில்லை என்று சொன்னால் அப்போது மீதிப் பணத்தை எடுங்கள். நாகர்கோவில் மழைக்கு ட்ரை கேபினெட்டை மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள்.