வயதைக் கூட்டிச் சொன்னது யாருக்காக?

கேள்வி: என் மகனுக்குக் கார்த்திகை பிறந்தால் இருபது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த அடிதடியில் அவனையும் சேர்த்து ஐந்து பேரை ரிமாண்ட் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எந்த பிளாக்கில் போடுவார்கள், யார் முடிவு செய்வார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. வசதி கூடின ஏ கிளாஸ் வாங்கிவிடலாம், கொஞ்சம் செலவாகும் என்கிறார் ஒருவர். எதிர்த்தரப்பு ஆட்களும் அதே ஜெயிலில்தான் இருக்கிறார்கள். நல்லவேளையாக, சின்னப் பையன்களோடு போட்டுவிடக் கூடாது என்று என் தம்பி முன்யோசனையாக வயது இருபத்திரண்டு என்று சொல்லச் சொன்னான். அதனால் இப்போது நம் சாதிப் பையன்கள் கூடவே இருக்கிறான். அவன் பாதுகாப்புக்கு இன்னும் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: ‘நல்லவேளையாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி எனக்குப் போக முடியவில்லை. ஏ கிளாஸ், செலவு எல்லாம் அப்புறம். பத்தொன்பது வயதுப் பிள்ளையை இருபத்திரண்டு என்று சொல்ல வைத்தவர் அவனுடைய தாய்மாமன். மடியில் உட்கார வைத்துக் காது குத்திய மாமன். அவர் செய்தது முன்யோசனை இல்லை அம்மா. அந்தப் பிள்ளைக்கென்று சட்டம் போட்டுவைத்த வேலியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறார். நீங்களும் அதைப் பெருமையாகக் கடிதத்தில் எழுதுகிறீர்கள்.

யாரை எங்கே வைப்பது என்பது சிறையில் முகம் பார்த்து முடிவாகிற காரியம் இல்லை. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், அதன் கீழ் 1983இல் வந்த தமிழ்நாடு சிறை விதிகள், இவைதான் அடிப்படை. வாசலில் முதலில் சோதனை போடுவார்கள். பிறகு மருத்துவர் பார்த்து உடல்நிலை, காயம், தழும்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அது அந்தச் சிறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. அடிதடி வழக்கு என்கிறீர்கள். பையன் உடம்பில் காயம் இருந்தால் அன்றைக்கே அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறியதா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்து 27ஆம் பிரிவு. பெண்களை ஆண்களிடமிருந்து பிரி. 21 வயதுக்குக் கீழே உள்ள ஆண்களை மற்றவர்களிடமிருந்து முழுவதுமாகப் பிரி. விசாரணைக் கைதியைத் தண்டனைக் கைதியோடு வைக்காதே. கடன் போன்ற சிவில் வழக்கில் வந்தவரைக் குற்ற வழக்கில் வந்தவரோடு வைக்காதே. முதல் பிரிப்பு இவ்வளவுதான். மற்ற கண்காணிப்பு, உயர் பாதுகாப்புத் தொகுதி என்பதெல்லாம் இதற்கு மேல் கட்டுகிற மாடி. இந்த நான்கு கோட்டில் உங்கள் மகனுக்கென்று போட்ட கோடு ஒன்று இருக்கிறது. அதை அழித்துவிட்டுத்தான் ‘பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்கிறீர்கள்.

வயதைச் சிறை அதிகாரி தன் இஷ்டத்துக்கு எழுதுவதும் இல்லை, திருத்துவதும் இல்லை. கைதின்போது சொன்ன வயது ரிமாண்ட் காகிதத்தில் ஏறும். மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட வாரண்டோடு அது சிறைக்குப் போகும். அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன்படிதான் பிளாக். நாளைக்கு நீங்கள் போய் ஜெயிலரிடம் அழுதால், ‘வாரண்டில் என்ன இருக்கோ அதுதான்மா’ என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இதனால் பையன் இழப்பது படுக்கிற இடம் மட்டுமா? நன்னடத்தைச் சட்டம் என்று 1958இல் வந்த ஒன்று இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவுப்படி, 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனை வரை போகாத குற்றம் என்றால், குற்றவாளி என்று தீர்ப்பானாலும் எடுத்த எடுப்பில் சிறைக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் வாங்கிப் பார்க்க வேண்டும். அப்படியும் சிறைதான் என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 1925ஆம் ஆண்டு பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் இன்னொரு கதவு. சாதாரணச் சிறைத் தண்டனைக்குப் பதிலாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு, எப்படியானாலும் 23 வயதுக்கு மேல் போகாமல், தொழில் கற்றுக்கொடுக்கிற இடத்தில் வைப்பது. இரண்டும் வயதை வைத்துத்தான். தீர்ப்பு இழுத்துக்கொண்டே போனால் வயது தானாகவே தாண்டிவிடும், அது வேறு வருத்தம். காகிதத்திலேயே இருபத்திரண்டு என்று எழுதிவிட்டால் அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்க்கவும் வக்கீலுக்குத் தோன்றாது. உங்கள் வழக்கில் போட்டிருக்கிற பிரிவு ஆயுள் வரை போகுமா என்பதை இன்றைக்கே கேளுங்கள். பிளாக் எது என்பதைவிட அவன் வாழ்க்கைக்கு அது பெரிய கேள்வி.

இப்போது ‘நம் பையன்கள்’. அவர்களுக்கு என்ன வயது, மேலே எத்தனை வழக்கு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலேயே தெரிகிறது. மாலையில் எண்ணிக்கை எடுத்து அடைத்த பிறகு விடியும்வரை அந்த அறைக்குள் ஒரு வரிசை உண்டு. மூத்தவர் சுவரோரம் படுப்பார்; பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கழிப்பறைப் பக்கம். அவர் துணியை இவன் துவைப்பான். கேன்டீனில் பிஸ்கெட் வாங்கித் தருவார். சாப்பிட்ட பிறகு அது கடன் என்று தெரியவரும். திடீர் சோதனையில் செல்போன் ஒன்று பிடிபட்டால், வேறு வழக்கு இல்லாத சின்னவன்தான் ‘என்னுடையது’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது சிறைக் குற்றமாகப் பதிவாகும். வெளியே வரும்போது உங்கள் மகன் பாலிடெக்னிக் மாணவனாக வர மாட்டான். இன்னாருடைய ஆள் என்று இந்தப் பக்கமும் சொல்லும், எதிர்ப்பக்கமும் குறித்து வைத்திருக்கும். அப்புறம் ஊரில் எது நடந்தாலும் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை. குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். வழக்கு வழக்காக வளர்ந்துதான் அங்கே போய்ச் சேருகிறார்கள்.

சாதி பார்த்துப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே எடுக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிக்கொரு பகுதி என்று வைத்திருந்ததும் அதில் பேசப்படுகிறது. சண்டை வராமல் இருக்கத்தான் பிரிக்கிறோம் என்ற வாதத்தை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதிச் சுவர் வழி இல்லை என்றது. ஆள் வைத்துப் பேசி அதே சுவரை உங்கள் குடும்பம் திரும்பக் கட்டப் பார்க்கிறது. பையனை உள்ளே அனுப்பியதே அந்தக் கொடைச் சண்டைதானே?

எதிர்த்தரப்பு பயம் நியாயமானது. அதைக் கேட்கிற முறை வேறு. எந்தச் சாதி என்று எழுதக் கூடாது. எந்த ஆள், அவர்கள் எந்தக் காவல் நிலையத்தின் எந்தக் குற்ற எண்ணில் இருக்கிறார்கள், என்ன மிரட்டல் வந்தது என்று பெயர் பெயராக எழுதி, இவர்களிடமிருந்து விலக்கி வையுங்கள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் சிறை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. ஒரு எச்சரிக்கை. வெறுமனே ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று எழுதினால் எளிதான வழியாகத் தனிச் செல்லில் போட்டுவிடுவார்கள். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது பாதுகாப்பு இல்லை. ஆகவே, சிறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி 21 வயதுக்குட்பட்டோர் பகுதியில் வைக்க வேண்டும், தனி அறை கேட்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதச் சொல்லுங்கள். மீறிச் செல்லில் வைத்தால், 24 மணி நேரத்துக்கு மேல் அங்கே இருப்பவரை மருத்துவப் பணியாளர் தினம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்கிறது 29ஆம் பிரிவு. வக்கீலுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

ஏ கிளாஸ் பற்றி நாலு வரி போதும். படிப்பு, பழகிய வாழ்க்கை வசதி இவற்றைப் பார்த்து நீதிமன்றம் வழியாக வருவது அது. இடைத்தரகர் விற்கிற சரக்கு இல்லை. விசாரணைக் கைதி சொந்தத் துணி, படுக்கை, வெளியிலிருந்து சாப்பாடு எல்லாம் சோதனைக்கும் விதிகளுக்கும் உட்பட்டுப் பெறலாம் என்று சிறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவே சொல்கிறது. ‘செலவாகும்’ என்றவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கொண்டுபோவதையும் மகனுக்கு மட்டும் கொண்டுபோங்கள். கூட இருக்கிறவர்களுக்கும் சேர்த்து இருபது பரோட்டா கட்டிக்கொண்டு போகிற தாய்மார் உண்டு. வீட்டிலிருந்து வந்ததை இன்னொரு கைதிக்குக் கொடுக்கக் கூடாது என்று அடுத்த பிரிவிலேயே இருக்கிறது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாலிடெக்னிக்கில் படிக்கிறான் என்ற சான்று, மூன்றிலும் மூன்று நகல் எடுங்கள். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மதிப்பெண் சான்றிதழுக்குத்தான் நீதிமன்றத்தில் மதிப்பு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. மனு, ரிமாண்ட் செய்த அதே மாஜிஸ்திரேட்டுக்கு. வயதைத் திருத்தவும், திருத்திய வயதைச் சிறைக்குத் தெரிவிக்கவும் உத்தரவு வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளும் அதில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் கேட்டால் நீதிமன்றக் கோப்பில் வயது மாறியிருக்கும், பையன் அதே பிளாக்கில் இருப்பான். நகல் ஒன்றைச் சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

ஏன் முதலில் பொய் சொன்னாய் என்று நீதிபதி கேட்பார். பெரியவர்கள் சொல்லச் சொன்னார்கள் என்று பையன் உண்மையைச் சொல்லட்டும். தம்பிக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். மருமகனைவிட மாமனுடைய மீசை பெரிதில்லை.

இனி மகனைச் சிறையில் போய்ப் பார்க்கத் தம்பியை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். மகனிடம் வழக்கைப் பற்றியோ ஊரைப் பற்றியோ பேச வேண்டாம். எங்கே படுக்கிறாய், யார் துணியைத் துவைக்கிறாய் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். காவல் நீட்டிப்பு 15 நாளுக்கு மேல் ஒரே தடவையில் போகாது. பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். அடுத்து ஆஜர் செய்கிற தேதிக்கு முந்தின நாளே அந்த மனு வக்கீல் கையில் இருக்க வேண்டும்.