கார்டீலியாவின் "ஒன்றுமில்லை": பழி யார்மேல்?

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம் பற்றிய உங்கள் கட்டுரையில் கார்டீலியாமேல் முழுப் பழியையும் போட்டு எழுதாதீர்கள். என்மேல் யாருக்கு அன்பு அதிகம் என்று மூன்று மகள்களிடமும் கேட்டு நாட்டைப் பங்கிடுகிறார் அரசர் லியர்; கடைசி மகள் கார்டீலியா மட்டும் புகழ்ந்து பேசாமல் 'ஒன்றுமில்லை' என்கிறாள். "இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் லியர் குடும்பம் உடைந்திருக்காதே" என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அவள் வாய் திறப்பதற்கு முன்பே அக்காமார் கானரில், ரீகன் இருவருக்கும் பங்கு கொடுத்தாகிவிட்டது, அவளுக்கென்று இன்னும் செழிப்பான மூன்றாவது பங்கும் தயாராக இருந்தது. போட்டி வெறும் சடங்கு.

நீங்கள் இடறுவது அநேகமாக அந்தக் 'கடமைப்படி நேசிக்கிறேன்' என்ற பதிலில். நமக்கு அது வறட்டுப் பேச்சாகக் கேட்கிறது. அவள் சொல்வது பெற்றவருக்கும் பிள்ளைக்கும் உள்ள பிணைப்பை, அப்புறம் அடுத்த பேச்சிலேயே 'அன்பெல்லாம் உங்களுக்கே என்றால் அக்காமாருக்குக் கணவர்கள் எதற்கு' என்றும் கேட்டுவிடுகிறாள். கொஞ்சம் பிடிவாதக்காரிதான், அதை நான் மறுக்கவில்லை!

சரி, ஒன்று செய்து பாருங்கள். இரண்டாம் அங்கம் நான்காம் காட்சியை எடுத்து, நாட்டைக் கொடுத்தபின் லியர் தன்னோடு வைத்துக்கொண்ட 100 வீரர்களை மகள்கள் 50, 25 என்று குறைக்கும் இடத்தைப் படியுங்கள். ரீகன் 25 என்றதும் அவர் கானரிலிடம் திரும்பி, உன் 50 அதைப்போல் இரண்டு மடங்கு, ஆகவே உன் அன்பும் இரண்டு மடங்கு என்கிறார். அவமானப்பட்டு நிற்கும்போதும் அன்பை எண்ணிக்கையில்தான் அளக்கிறார் மனுஷன். உங்கள் கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: நாடகத்தின் 1608 பதிப்பும் 1623 பதிப்பும் ஒன்றல்ல. மூன்றாம் அங்கத்தில் லியர் மகள்களை விசாரிக்கும் போலி வழக்கு 1623 பதிப்பில் கிடையாது. சில புத்தகங்களில் காட்சி எண்ணும் மாறும், மேற்கோள் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.