பொருளாதாரம் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மாதச் சம்பளத்தில் இருக்கிறீர்கள், கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு ஓடுகிறது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வரி, விலைவாசி, ஏற்றுமதி எல்லாமே ஆட்டம் காணும் இந்த நேரத்தில் இறங்கலாமா, இல்லை நிலைமை சீரானதும் பார்த்துக்கொள்ளலாமா?

இறங்கலாம். நிலைமை சீராகட்டும் என்று காத்திருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நான் திருப்பூரில் தையல் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன், அதாவது மற்ற கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவர். எனக்குத் தெரிந்தது பனியன் தொழில்தான், அதை வைத்தே சொல்கிறேன்.

இந்த ஊரில் சீரான காலம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி இருந்தது, ஆர்டர் இருந்தது, சாயம் போட இடமில்லை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபோது ஆர்டரும் சாயமும் இருந்தன, வாரச் சம்பளம் கொடுக்கப் புழங்கும் நோட்டு இல்லை. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. 2020ல் ஊரடங்கு, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியது. 2021, 22ல் நூல் விலை ஏறிய வேகத்தில், விலை பேசி எடுத்த ஆர்டரை முடித்துக் கொடுத்தாலே நஷ்டம் என்ற நிலைக்குப் பலர் போனார்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் அடித்தது. அடுத்தது எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரிந்த யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

ஆனால் இவற்றில் தாக்குப்பிடித்த சின்ன யூனிட்களைப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். வேலை வராவிட்டாலும், வந்த வேலைக்குப் பணம் வராவிட்டாலும், இன்னும் எத்தனை சனிக்கிழமை தாங்கும் என்று அந்த ஓனர்களுக்குத் தெரியும். மூடிய யூனிட்கள் பலவும் கணக்குப் புத்தகத்தில் லாபத்தில் இருந்தவைதான். இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஏன் சனிக்கிழமை? திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம். வெள்ளிக்கிழமை ராத்திரி மெஷின் ஓய்ந்ததும் நோட்டை விரித்து உட்கார வேண்டும். ஓவர்லாக் டைலர் எத்தனை பீஸ், பேட்லாக் எத்தனை, சிங்கர் எத்தனை (மூன்றும் தையல் மெஷின் வகைகள்), செக்கிங், கைமடி (உதவியாளர்) ஆட்களுக்கு எத்தனை ஷிப்ட், யாருக்கு நடுவில் அட்வான்ஸ் போயிருக்கிறது, எல்லாம் கூட்டிக் கழித்து ஒரு தொகை வரும். அந்தத் தொகை மறுநாள் சாயங்காலம் கையில் இருந்தே ஆக வேண்டும். ஒரு வாரம் தவறினால் திங்கட்கிழமை பாதி மெஷின் காலியாகத்தான் இருக்கும். அதில் தப்பே இல்லை. அவர்கள் வீட்டு வாடகையும் மளிகைக் கணக்கும் நம் பில் பாஸாகும் வரை காத்திருக்காது.

இப்போது பணம் உள்ளே வரும் வழியைப் பாருங்கள். தைத்து முடித்த பீஸை டிசி (டெலிவரி சலான்) போட்டு அனுப்புகிறோம். பார்ட்டி, அதாவது வேலை கொடுத்தவர், எண்ணிப் பார்த்து, செக்கிங் செய்து, டேமேஜை ஒதுக்குவார். பீஸ் குறைந்தால் நம் தையல் கூலியை மட்டும் பிடிப்பதில்லை, முழு பீஸின் விலையையே டெபிட் போட்டு நம் பில்லில் கழிக்கிற இடங்கள் உண்டு. அப்புறம் பில். பில் கொடுத்து 60 நாள், 90 நாள் என்பது இங்கே சாதாரணம். இதற்கு நடுவில் ஜிஎஸ்டியும் இருக்கிறது. தையல் கூலிக்கு 5 சதவீதம். பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை, பில் போட்டால் அடுத்த மாதமே கட்ட வேண்டும். 5 லட்சம் பில் என்றால் 25,000 ரூபாய் முதலில் நம் கையிலிருந்துதான் போகும்.

ஒரு கணக்குப் போடுவோம். பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள், வாரச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் முடிய 3 வாரம், பில் போட்ட பிறகு 60 நாள் என்றால் ஏறக்குறைய 9 வாரம். முதல் ரூபாய் வருவதற்குள் 12 சனிக்கிழமை போய்விடும்: 7,20,000 ரூபாய். 90 நாள் என்றால் 16 சனிக்கிழமை, 9,60,000. இதில் வாடகை, கரண்ட் பில், தையல் நூல், ஊசி எதுவும் சேரவில்லை, உங்கள் வீட்டுச் செலவும் சேரவில்லை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பு மொத்தத்தையும் மெஷினில் போட்டுவிட்டு, நாலாவது வாரமே தண்டல் வட்டிக்குக் கடன் கேட்டுப் போய் நிற்கிறார்கள். அந்த வட்டியைக் கட்டும் அளவுக்குத் தையல் கூலியில் லாபம் கிடையாது.

உங்கள் தொழில் துணியாக இருக்க வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் சர்வீஸ், கேட்டரிங், இயந்திர உதிரி பாகம், எதுவானாலும் பணம் வெளியே போகும் நாளுக்கும் உள்ளே வரும் நாளுக்கும் நடுவில் எத்தனை வாரம் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். அந்த வாரங்களுக்கான பணத்தை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் முதலீட்டுக்கு.

அதனால்தான் ஆரம்பத்தில் மெஷின் வாங்காதீர்கள் என்கிறேன். திருப்பூரில் தையல் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். நடந்துகொண்டிருந்த யூனிட்டை அப்படியே வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. ஆர்டர் குறைகிற சமயத்தில் பழைய மெஷின் விலை இறங்கும், கட்டட ஓனர் அட்வான்ஸைக் குறைத்துக்கொள்வார், நல்ல டைலர்கள் வேலை தேடி வருவார்கள். மந்தமான நேரத்தில் சிறிதாக இறங்குகிறவருக்கு இருக்கும் அனுகூலம் இது. எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதே யூனிட்டைப் போட அதிகம் செலவாகும், ஆளும் கிடைக்காது.

கடன், மானியம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நாள் செலவழித்தால் விவரம் கிடைத்துவிடும். தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, 25 சதவீதம் மானியம். மத்திய அரசின் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) திட்டமும் இருக்கிறது. ஆனால் பிஎம்இஜிபி மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் 3 ஆண்டு வைப்பாக நின்று, அதன் பிறகுதான் கடனில் கழியும். மானியத்தை நம்பிச் சம்பளக் கணக்குப் போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டுப் பத்திரத்தை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முதல் வாரமே செய்துவிடுங்கள். இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் ஆன்லைனிலேயே முடியும், ஏஜென்ட் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023 பட்ஜெட்டில் வந்த வருமான வரித் திருத்தத்தால், கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வரை வாங்குபவர் செலவாகக் காட்ட முடியாது. இந்தத் திருத்தத்துக்குப் பிறகு மார்ச் மாதம் பழைய பில்கள் கொஞ்சம் நகர்கின்றன. ஆனாலும் தொடர்ந்து வேலை தரும் பார்ட்டி மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை, உறவு முறிந்த பிறகுதான் கொடுக்கிறார்கள். ஆகவே சட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பேசும்போதே பாதிப் பணம் வாரா வாரம் என்று கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன். ரேட்டில் சிறிது விட்டுக்கொடுத்தாவது வாரப் பணம் தரும் பார்ட்டியைப் பிடித்துக்கொள்வேன்.

இன்னொன்று, ஒரே பார்ட்டியை நம்பி இருக்காதீர்கள். 2025ல் அமெரிக்க ஆர்டரை மட்டும் தைத்த யூனிட்கள்தான் அதிகம் தவித்தன. ஐரோப்பிய ஆர்டரும் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டை வியாபாரிகளின் உள்நாட்டு வேலையும் கலந்து எடுத்தவர்கள் மூச்சு விட்டார்கள். உள்நாட்டு வேலையில் கூலி குறைவு, தீபாவளி, பொங்கல் சீசனைப் பொறுத்தது. ஆனால் அமெரிக்காவில் வரி ஏறினால் அது நின்றுபோவதில்லை.

சரி, வேலையை எப்போது விடுவது? முதல் வாடிக்கையாளர் கையில் வந்த பிறகு. விசாரிக்கிறேன், பார்க்கலாம் என்று சொல்பவர் கணக்கில் வரமாட்டார். இந்தத் தேதியில் இந்த வேலை, இந்த ரேட் என்று எழுதிக் கொடுப்பவர் வேண்டும். அதுவரை சம்பளத்தை விடாதீர்கள். விடுமுறை போட்டாவது, நீங்கள் இறங்க நினைக்கும் தொழிலில் இருக்கும் ஒருவருடைய பட்டறையிலோ ஆபீஸிலோ சில நாள் உட்காருங்கள். அவர் எப்போது சம்பளம் போடுகிறார், எப்போது அவருக்குப் பணம் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

என்ன தொழில் என்று கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. தொழில், எத்தனை ஆட்கள், பார்ட்டி எத்தனை நாள் கெடு கேட்கிறார், இந்த மூன்றையும் கமெண்டில் போடுங்கள். எத்தனை வாரப் பணம் ஒதுக்க வேண்டும் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.