வெள்ளத் தடுப்பு மண் அணை: கசிவு, விரிசல், மதகுக் குழாய் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அணை 40 வருடமாக நிற்கிறது, ஒரு குறையும் வந்ததில்லை. ஆண்டுதோறும் ஆய்வு எதற்கு?

பதில்: அந்த 40 வருடத்தில் கலிங்கு (மிகைநீர் வழிந்து வெளியேறும் வாய்) மட்டம் வரை எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பாருங்கள். வெள்ளத் தடுப்பு அணை பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஆண்டுதோறும் நிரம்பும் அணை தன் குறையை அவ்வப்போது காட்டிக்கொடுத்துவிடும். இங்கே கரையின் மேல்பாதி ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்த்திருக்காது. வெயிலில் காய்ந்து வெடித்த அந்த மண்ணில் ஒரே இரவில் நீர் ஏறும். அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதல்முறை நிரம்பும்போதே உடைந்தது. காலையில் கலங்கலான கசிவைக் கண்டார்கள். நண்பகலுக்குள் கரை போய்விட்டது. அது 90 மீட்டருக்கும் உயரமான அணை. சின்னக் கரையில் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: கரையடியில் ஓரிடத்தில் எப்போதும் ஈரம், கோரை முளைத்திருக்கிறது. பயப்பட வேண்டுமா சார்?

பதில்: கசியாத மண் கரை கிடையாது. அணை காலியாக இருக்கும் மாதங்களிலும் ஈரம் மாறவில்லை என்றால் அது பக்கத்து மேட்டின் நிலத்தடி ஊற்றாக இருக்கலாம். நீர் ஏறும்போது கசிவும் ஏறினால் அது அணையின் கசிவு. அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் ஆடாமல் வையுங்கள். அடியில் மெல்லிய படலமாக மண் படிந்தால், கரையோ அதன் அடித்தளமோ உள்ளே அரிபடுகிறது. அன்றே பொறியாளரை வரவழையுங்கள்.

தெளிவாக இருந்தால் அளக்கத் தொடங்குங்கள். கசிவு ஓடும் வாய்க்காலில் 90 பாகை வி-வெட்டுப் பலகை (மேல்விளிம்பில் V வடிவில் வெட்டிய தடுப்புப் பலகை) வைத்து, வெட்டின் அடிமுனைக்கு மேல் நிற்கும் நீரை, பலகைக்குச் சற்றுத் தள்ளி, நீர் வரும் பக்கத்தில் அளவெடுங்கள். 5 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 0.77 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் என்பதால் அரை செ.மீ. பிசகும் கணக்கைக் கெடுக்கும். பக்கத்திலேயே அன்றைய நீர்மட்டத்தையும் மழையையும் எழுதி வையுங்கள். அதே நீர்மட்டத்தில் கசிவு மட்டும் கூடுவது கெட்ட அறிகுறி. திடீரென நின்றாலும் விடாதீர்கள். வடிகால் அடைபட்டு நீர் கரைக்குள் தேங்கியிருக்கலாம்.

கேள்வி: வெள்ள நேரத்தில் கரையடியில் மணலைக் கக்கிக்கொண்டு ஊற்று கிளம்பினால் களிமண் போட்டு அடைக்கலாமா?

பதில்: அடைக்கவே கூடாது. ஓரிடத்தில் அடைத்தால் உள்ளழுத்தம் கூடி வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். மண்ணைப் பிடித்து வைத்து நீரை வெளியே விடுவதுதான் வேலை. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை ஏற்றுங்கள். வருகிற நீர் தெளியும் உயரத்தோடு நிறுத்தி, ஒரு பக்கம் வழிய வாய் விடுங்கள். வட்டத்துக்குள் முதலில் கழுவிய பருமணல், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் கல். ஊற்றின் வேகம் மணலைத் தூக்கி எறிந்தால், முதலில் சரளை கொட்டி வேகத்தைத் தணித்துவிட்டு அடுக்கைத் தொடங்குங்கள். ஆனால் கலங்கல் பெருகிக்கொண்டே போனாலோ, அணை நீரில் சுழி தெரிந்தாலோ மூட்டையைப் போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள். கீழே இருப்பவர்களை வெளியேற்றுவதுதான் அப்போது முதல் வேலை.

கேள்வி: மரம் கரையைப் பிடித்து வைக்கும் என்கிறார்களே?

பதில்: பிடிப்பது புல். மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பெயர்த்துவிடும். பட்டுப்போனால் மக்கிய வேர் நீருக்கு வழியாகும். கன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அடிமரம் 10 செ.மீ.க்கு மேல் போய்விட்டால் வெட்டி மட்டும் விடுவது போதாது. நீர் இல்லாத காலத்தில், பொறியாளர் மேற்பார்வையில் கட்டையையும் பெருவேர்களையும் தோண்டி எடுத்து, குழியின் பக்கங்களைப் படிபோல் வெட்டி, அதே வகை மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகத் திமிசு போட்டு நிரப்ப வேண்டும்.

கேள்வி: எலி வளை, நண்டு வளை?

பதில்: சிறியதென்றால் 9 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட் சேர்த்துக் கூழாகக் கரைத்து, குழாய் வழியாக நிரம்பும் வரை ஊற்றுங்கள். வாயில் மட்டும் மண்ணை அமுக்கினால் உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும்.

கேள்வி: கரை மேல் விரிசல் விட்டிருக்கிறது. எந்த விரிசல் ஆபத்தானது?

பதில்: கரைக்குக் குறுக்கே, நீர்ப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போவது. அது நீருக்கு நேர்வழி. நீளவாட்டில் போகும் விரிசலில், ஒரு பக்கம் இறங்கிப் படியாக நின்று, கீழே சரிவு உப்பியிருந்தால் கரை சரியத் தொடங்கிவிட்டது. வலைபோல் பின்னிய ஆழமற்ற வெடிப்பு, காய்ந்ததால் வந்தது. சந்தேகமென்றால் இரு முனையிலும் முளையடித்து நீளத்தையும் அகலத்தையும் வாரம் ஒருமுறை குறியுங்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் மூடி வையுங்கள்.

கேள்வி: மதகுக் குழாய் பழைய நெளிதகடு. வெளிவாயில் நன்றாகத்தான் தெரிகிறது.

பதில்: வெளிவாயை நம்பாதீர்கள். துரு முதலில் அடிப்பாகத்தைத் தின்னும். இணைப்பு விலகினால் சுற்றியுள்ள மண் குழாய்க்குள் விழும். கரை மேல் குழாயின் நேர்க்கோட்டில் கிண்ணம்போல் பள்ளம் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்கும். ஆளை உள்ளே அனுப்பாதீர்கள், மூச்சுக்காற்று இல்லாமல் போகலாம். கேமரா பொருத்திய சின்ன வண்டியை உள்ளே விடுங்கள். குழாயை ஒட்டி வெளிப்புறமாக நீர் ஓடுவதைத் தடுக்க முன்பு கழுத்துப்பட்டைபோல் கான்கிரீட் வளையம் கட்டினார்கள். அதைச் சுற்றி மண்ணைக் கெட்டிப்படுத்த முடியாது, வளையமே பலவீனமாகிவிடும். இப்போது அதற்குப் பதில், வெளிப்பக்கப் பாதியில் குழாயைச் சுற்றி வடிகட்டி மணல் வைக்கிறார்கள்.

கேள்வி: கோடைக்குத் தண்ணீர் சேர்க்கக் கலிங்கின் மேல் மூட்டை அடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளத்துக்கென்று விட்ட இடத்தை அது எடுத்துக்கொள்ளும். மண் அணை உடைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கரைமேல் நீர் வழிந்ததால் வந்தது. கலிங்கில் வேலியோ புதரோ இருக்கக்கூடாது. மட்டப்பலகை வைத்துக் கரை முழுக்க அளந்து, தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து நிரப்புங்கள். வழிந்தால் முதலில் அங்கேதான் வழியும்.

கேள்வி: எங்கள் அணையை "அதிக அபாயம்" வகையில் சேர்த்திருக்கிறார்கள். உடையப் போகிறதா?

பதில்: இல்லை. அந்த வகை கரையின் நிலையைச் சொல்வதல்ல; உடைந்தால் கீழே உயிர் போகுமா என்பதைச் சொல்வது. நல்ல நிலையில் உள்ள அணையும் அதில் வரும். வயலாக இருந்த இடத்தில் வீடு வந்தால், கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமலே வகை மாறிவிடும். அன்று போதுமென்று கணக்கிட்ட கலிங்கின் அகலத்தை இன்றைய வகைக்கான வெள்ள அளவோடு மறுபடி கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். கூடவே, உடைந்தால் நீர் எந்தத் தெருவரை எவ்வளவு நேரத்தில் வரும் என்ற வரைபடத்தையும்.