வெயிலுக்கு முன், வெயிலுக்குப் பின்: கோடை விடுமுறைக் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகளை இயற்கை நடைக்கு அழைத்துப் போகிறவள் என்பதால், லீவு விட்டதும் கேள்விகள் வரிசை கட்டிவிடும். "செலவில்லாமல் எங்கே போகலாம்?" என்பதுதான் பெரும்பாலும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எனக்கு இரண்டு பையன்கள். பத்து மணிக்கு எழுந்து போனைக் கையில் எடுத்தால் ராத்திரிதான் கீழே வைக்கிறார்கள். இந்த வெயிலில் எங்கே கூட்டிப்போக? (மேடவாக்கம்)

பத்து மணிக்கு எழுந்தால் எங்கேயும் போக முடியாதும்மா. கோடையில் நம் கையில் இருப்பது விடியலிலிருந்து எட்டரை மணி வரை, அப்புறம் மாலை ஐந்துக்கு மேல். மதிய வெயிலில் வீட்டிலேயே இருக்கட்டும், போனும் பார்க்கட்டும். அதற்குச் சண்டை போடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரும்பாக்கம் ஏரி இருக்கிறது. கொஞ்சம் தள்ளினால் பள்ளிக்கரணை சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் 'ராம்சார்' பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, மிச்சமிருக்கும் குட்டையில் மீனும் பறவையும் ஒன்றாக நெருக்கியடிக்கும். பார்க்கச் சுலபம். வாரம் ஒரு புது இடம் தேடாமல், ஒரே கரைக்கு ஒரே நேரத்தில் போங்கள். போன வாரம் தண்ணீர் எதுவரை இருந்தது என்பதைப் பிள்ளைகளே சொல்ல ஆரம்பிப்பார்கள். சேற்றில் மட்டும் இறங்க விடாதீர்கள்.

பைனாகுலர் வாங்க வசதியில்லை. வேடந்தாங்கலும் இப்போது காலியாமே? (செங்கல்பட்டு)

வலசை வந்தவை பெரும்பாலும் கிளம்பியிருக்கும், சரிதான். ஆனால் குயில் இருக்கிறதே! "குக்கூ" என்று நம்மைத் தூங்கவிடாமல் செய்வது ஆண்குயில். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும். காக்கையும் இந்தக் காலத்தில்தான் கூடு கட்டுகிறது. தெருவில் ஒரு காக்கைக் கூட்டைக் கண்டுபிடித்து, தூரத்திலிருந்து தினமும் பத்து நிமிடம் பாருங்கள். குயிலைக் காக்கை விரட்டுவதைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் மறுநாள் தாங்களே எழுந்துவிடுவார்கள். குரலை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்க 'மெர்லின்' செயலி இருக்கிறது, இலவசம்தான். கூடவே வாசலில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் மாற்றாவிட்டால் கொசுதான் வரும்.

காசு செலவில்லாமல், அதே நேரம் விசேஷமாக ஒரு நாள் வேண்டும். மகள் ஆறாம் வகுப்பு. (கோவை)

நிழலில்லா நாள்! கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் வருடத்துக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது நிமிர்ந்து நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில் தொடங்கி மதுரையில் 16, உங்கள் கோவையில் 18, சென்னையில் 24 என்று வடக்கே நகரும். ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஏப்ரலைத் தவறவிட்டவர்களுக்கு ஆகஸ்டில் மறுபடி வரும் (கன்னியாகுமரிக்கு மட்டும் செப்டம்பர் முதல் நாள் வாக்கில்).

நேரம் பன்னிரண்டு மணி இல்லை, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது. கோவை அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே உச்சிப்பொழுது சுமார் 12.21க்கு. சென்னையில் 12.07.

மொட்டைமாடியில் சமதளமான இடத்தில் ஒரு துண்டு பிவிசி பைப்பை நிறுத்துங்கள். டம்ளர் வேண்டாம், வாய் அகலமாக இருப்பதால் சுற்றிலும் நிழல் வளையம் விழுந்து ஏமாற்றும். பன்னிரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி, பைப்பின் காலடியில் காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் எட்டிப்பார்க்கும். செருப்பு அவசியம், தரை கொதிக்கும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. மதிய வெயிலில் பிள்ளைகளை நான் வெளியே விடச் சொல்வது இந்த அரைமணிக்கு மட்டும்தான்.

தொட்டிக் கறிவேப்பிலையில் புழு. மருந்தடிக்கலாமா? (தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும்.) (திருச்சி)

சம்பந்தம் இல்லாமல் என்ன! மருந்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அது அழகி வகைப் பட்டாம்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியே இருக்கும், எதிரி ஏமாறட்டும் என்று. வளர்ந்தால் இலைப்பச்சை. ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், ஒரு நெடியும் வரும். பிறகு கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு காலைவேளை இறக்கை விரிக்கும். அதுவரை தாளிக்க இலையைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செடி இல்லாதவர்கள் காலிமனை எருக்கஞ்செடியைப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு இருப்பது வெந்தய வரியனின் புழு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் இலையைப் பறிப்பது பெரியவர்கள் வேலையும் இல்லை, சிறியவர்கள் வேலையும் இல்லை.

கடற்கரையில் ஆமை பார்க்க முடியுமா அக்கா? (அடையாறு)

பங்குனி ஆமை முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற மாணவர் அமைப்பு 1988இலிருந்து சென்னையில் இரவு நடை நடத்துகிறது. அதை அடுத்த வருடத்துக்குக் குறித்துவையுங்கள். குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போவதை ஏப்ரலில்கூடப் பார்க்கலாம், வனத்துறை ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். டார்ச், பிளாஷ் கூடாது. வெளிச்சம் குஞ்சுகளைத் திசை மாற்றிவிடும். ஆமை இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது நண்டு. பொழுது சாயும்போது ஒரு வளைக்கு நான்கடி தள்ளி அசையாமல் உட்காருங்கள், காம்பு மேல் இரண்டு கண் முதலில் வெளியே வரும்.

ப்ளாட்டில் இருக்கிறோம். பகலில் வெளியே போக ஆளில்லை, இரண்டு பேருக்கும் வேலை. (மதுரை)

அப்படியானால் ராத்திரி. மே மாதம், நிலவில்லாத நாள், எட்டரை மணி, மாடியில் ஒரு பாய். வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பை போலத் தெரியும். அகப்பைக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டச்சொல்லித் தலையாட்ட வைத்தார்களே, அதை இப்போது நிஜமாகவே பாருங்கள். காம்பின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, இன்னும் நீட்டினால் நீலவெள்ளையாகச் சித்திரை. சித்ரா பௌர்ணமியன்று முழுநிலவு இதன் பக்கத்தில்தான் நிற்கும். ஒன்பது மணி வாக்கில் தெற்கே, தாழ்வாக, நான்கு நட்சத்திரச் சிலுவை. டெல்லிக்காரர்களைவிட நமக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

ஊட்டி, கொடைக்கானல்? (பல பேர்)

2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் போனால் அந்த வேலையும் இல்லை. மேயில் கூட்டம் அள்ளும். என்னைக் கேட்டால் ஜூலைக்கு மேல் போங்கள்.

பாட்டி ஊருக்கு அனுப்புகிறோம். பாம்பு பயம்! (திருநெல்வேலிப் பக்கம்)

பாம்பைவிடக் கிணறும் கல்குவாரியும்தான் என் பயம். நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள். புதர்ப்பக்கம் போகும்போது ஷூ, இருட்டினால் டார்ச். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108க்கு அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். மற்றபடி நுங்கு சீசன். தின்றுபோட்ட இரண்டு கூந்தலை (நுங்கு எடுத்த வெறுங்காய்) ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. எப்படிச் செய்வது என்று தாத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள்.