அந்தப் படம் ஏன் இன்னும் டிஸ்க்கில் வரவில்லை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு படம் டிவிடியிலும் இல்லை, ப்ளூ-ரேயிலும் இல்லை, ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. கேட்க ஆளில்லை என்பதுதான் காரணமா?

பதில்: அது கடைசிக் காரணம். முதல் காரணம் காகிதம். வீட்டு வீடியோ கேசட் முறைகளில் பீட்டாமேக்ஸ் வந்தது 1975-இல், விஎச்எஸ் 1976-இல். அதற்கு முன்பு போட்ட ஒப்பந்தங்களில் திரையரங்கு இருக்கும், தொலைக்காட்சி இருக்கும். வீட்டு வீடியோ என்ற பேச்சே இருக்காது. எனவே இன்று ஒரு நிறுவனம் டிஸ்க் போட நினைத்தால் தயாரிப்பாளரின் வாரிசு, கதைக்கு உரிமையுள்ளவர், இசை உரிமை வைத்திருப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு நாடுகள் சேர்ந்து எடுத்த படமானால் நாட்டுக்கு ஒரு முதலாளி.

இதில் அதிகம் சிக்க வைப்பது இசை. காட்சியின் பின்னணியில் வானொலியில் ஒலிக்கும் அரை நிமிடப் பாட்டுக்கும் தனி உரிமை உண்டு. அதற்குக் கேட்கும் தொகை மொத்த டிஸ்க் விற்பனையைத் தாண்டினால் ஒன்று பாட்டை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் படத்தையே கைவிடுவார்கள்.

‘முன்பு டிவிடி வந்ததே, இப்போது ஏன் இல்லை?’ என்றும் சிலர் கேட்கிறார்கள். வெளியிட்டவர் உரிமையைச் சில ஆண்டுகளுக்குத்தான் வாங்கியிருப்பார். கெடு முடிந்தால் மறுபதிப்புக் கிடையாது. பழைய பிரதியை இரண்டாம் கையில் தேடுவதுதான் வழி.

கேள்வி: சரி, யாருக்கு எழுதுவது? எழுதினால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் ‘தயவுசெய்து வெளியிடுங்கள்’ என்ற ஒற்றை வரிக்கு இல்லை. உங்கள் கடிதம் அந்த நிறுவன ஊழியரின் ஒரு வாரத் தேடலை மிச்சப்படுத்த வேண்டும்.

முதலில் படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வரும் பதிப்புரிமை வரியைப் பாருங்கள். ஆண்டு பெரும்பாலும் ரோமன் எண்ணில் இருக்கும். பக்கத்தில் நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் மூடப்பட்டிருந்தால், அதன் படங்களை அடுத்து யார் வாங்கினார், அவரிடமிருந்து யார் வாங்கினார் என்று தொடர்ந்து போங்கள். அடுத்து, கடைசியாக எந்தத் திரைப்பட விழாவில் ஓடியது என்று தேடுங்கள். விழாக் கையேட்டில் படக்குறிப்பின் அடியில் பிரின்ட் (திரையிடும் ஃபிலிம் பிரதி) தந்தவர் யார் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ரசிகர்கள் கண்ணில் படாமல் போகும் அந்த ஒரு வரி தங்கத்துக்குச் சமம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஆவணக் காப்பகத்தில் ரீல் இருக்கும், உரிமை இருக்காது. அனுமதி கேட்க வேண்டிய இடம் வேறு, ரீல் கேட்க வேண்டிய இடம் வேறு.

பிறகு ஒரே பக்கக் கடிதம். படத்தின் மூலமொழிப் பெயர், வேறு நாடுகளில் வைத்த பெயர்கள், ஆண்டு, இயக்குநர், முதல் வெளியீட்டின் நீளம், உரிமை இருப்பதாகத் தெரியும் இடம், பிரின்ட் இருக்கும் இடம். அவ்வளவு போதும். நூறு பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பினால் அதை ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. பெரிய ஸ்டுடியோவுக்குச் சிறிய படம் லாபமில்லை. சிறிய வெளியீட்டாளர்கள் ஸ்டுடியோவிடம் உரிமம் வாங்கிக் குறைந்த பிரதிகள் போடுவார்கள். ட்வைலைட் டைம் என்ற அமெரிக்க நிறுவனம் பெரும்பாலான படங்களுக்கு 3,000 பிரதிகளோடு நிறுத்திக்கொண்டது. வார்னர் ஆர்க்கைவ் 2009-இல் இன்னொரு வழியைத் தொடங்கியது: ஆர்டர் வந்த பிறகே டிவிடி-ஆர் என்ற வெற்றுத் தட்டில் பதிவுசெய்து அனுப்புவது. இப்படிப்பட்ட சந்தையில் சில நூறு முன்பதிவுகளே ஒரு படத்தின் தலையெழுத்தை மாற்றும். தள்ளுபடி வரும்வரை காத்திருப்பவர் இதையும் யோசிக்கட்டும்.

கேள்வி: மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது என்கிறார்கள். அந்தப் படத்தை மறந்துவிட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்பட வேண்டாம். டிரையர் இயக்கிய ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்தின் (1928) மூல நெகட்டிவ் எரிந்தது. பல பத்தாண்டுகள் சிதைந்த வடிவங்களே சுற்றின. 1981-இல் ஆஸ்லோவுக்கு அருகே, ஒரு மனநல மருத்துவமனையில், முதல் வடிவத்தின் பிரின்ட் கிடைத்தது. 1927-இல் வந்து வெட்டப்பட்ட ‘மெட்ரோபொலிஸ்’ படத்தின் காணாமல்போன காட்சிகள் 2008-இல் ப்யூனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தில் 16 மிமீ சுருளில் அகப்பட்டன. அந்தச் சுருள், கீறல் விழுந்த 35 மிமீ பிரின்டிலிருந்து சுருக்கி எடுத்தது. கீறல் சுருளின் மேல் இல்லை, பிம்பத்திலேயே பதிந்துவிட்டது. 2010-இல் மீட்டெடுத்த வடிவத்திலும் அந்தப் பகுதிகளில் கோடுகள் ஓடுவது அதனால்தான்.

உண்மையில் தீயைவிட மெதுவான எதிரிகள் அதிகம். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், ஃபிலிம் சுருங்கி வளையும். 1950 முதல் 1980-களின் தொடக்கம் வரையிலான பல வண்ணப் பிரின்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும். எல்லா முகமும் செக்கச் சிவந்து நிற்பது அதனால்தான்.

கேள்வி: வெளிநாட்டு டிவிடி வாங்கினேன். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிகிறது. வெட்டிவிட்டார்களா?

பதில்: அநேகமாக இல்லை. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டகம். ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் பால் (PAL) தொலைக்காட்சி முறை 25. ஒவ்வொரு சட்டகத்தையும் அப்படியே ஓட்டினால் படம் 4 சதவீதம் வேகமாகும். 100-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் சரியாக 96. சுருதி திருத்தாவிட்டால் குரலும் ஓர் அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு ஏறும். காது நுட்பமானவர்களுக்கு உறுத்தும். இந்தக் கணக்குக்கும் மேல் குறைந்தால்தான் கத்தரியைச் சந்தேகியுங்கள்.

வாங்கும்முன் மண்டலத்தையும், அதாவது எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதையும், பாருங்கள். டிவிடியில் 1 முதல் 6 வரை, ப்ளூ-ரேயில் ஏ, பி, சி. 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை. கணினி டிவிடி டிரைவில் மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும். பிறகு கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

கேள்வி: என்னிடம் அந்தப் படத்தின் விஎச்எஸ் கேசட் இருக்கிறது. கணினிக்கு எப்படி மாற்றுவது?

பதில்: கேசட்டின் ஜன்னல் வழியாக டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். விசிஆரில் போடவே கூடாது. ஹெட்டைக் கெடுத்து, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள், டேப்பின் இறுக்கம் சீராகும்.

தேவையானவை: வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ வெளியீடு உள்ள விசிஆர், நடுவில் சிக்னலின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர், பிறகு சிக்னலைக் கணினிக்கு மாற்றும் கேப்சர் கருவி. நடுவில் இருப்பதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். பழைய டேப்பின் சிக்னல் தள்ளாடும். கருவி சட்டகங்களைத் தவறவிடும். அரை மணி நேரத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். தவறிய சட்டகங்களின் எண்ணிக்கையைப் பதிவு மென்பொருள் காட்டும். அது ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பால் டேப்புக்கு 720 பெருக்கல் 576, ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ். இழப்பில்லாத ஹஃப்ஒய்யுவி வடிவில் எடுத்தால் மணிக்கு 30 ஜிபி அளவில் இடம் பிடிக்கும். டிஜிட்டல் வீடியோ (DV) வடிவில் சுமார் 13 ஜிபி. பதியும்போதே டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் படக்கோடுகளை முழுச் சட்டகமாக்குவது) செய்துவிடாதீர்கள். திரைப்படம் பதிந்த என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் முறை, நொடிக்குச் சுமார் 30 சட்டகம்) டேப்பில் 24 சட்டகத்தை 3:2 என்று பிரித்து நிரப்பியிருப்பார்கள். பின்னால் அந்த நிரப்பலை நீக்கும் இன்வெர்ஸ் டெலிசினி செய்தால் மூல 24 சட்டகமும் திரும்பக் கிடைக்கும். சாதாரண டீஇன்டர்லேஸ் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடும். படத்தின் அடியில் நெளியும் சில கோடுகள் பழுதல்ல, விசிஆர் ஹெட் மாறும் இடம். டிவி அதை மறைத்துக் காட்டியது, கணினி மறைப்பதில்லை. வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால் அது கடையில் விற்ற கேசட்டின் நகல்தடுப்புச் சிக்னல். சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்க உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று அந்த இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆசையாய்க் காத்திருந்த ப்ளூ-ரேயில் நடிகர்கள் மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கிறார்கள். என் டிவி பழுதா?

பதில்: முதலில் டிவியில் இரைச்சல் குறைப்பு, ஷார்ப்னெஸ், அசைவு மென்மையாக்கல் மூன்றையும் அணைத்துப் பாருங்கள். அப்போதும் மெழுகுதான் என்றால், ஃபிலிமின் இயல்பான பொடிப்புள்ளிகளான மணித்துகளை அழுக்கென்று நினைத்துத் துடைத்திருக்கிறார்கள். தோலின் நுணுக்கமும் அதோடு போய்விட்டது. அட்டையில் ‘ரீமாஸ்டர்’ என்று மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். பழைய டிவிடிக்கு எடுத்த மாஸ்டரைப் பெரிதாக்கியதாகவும் இருக்கலாம். ‘மூல நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன்’ என்று எதிலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சொல்கிற அட்டைக்குப் பணம் கொடுங்கள்.