சாட்டிலைட் இணையமும் வீட்டு லினக்ஸ் சர்வரும்: குமரி மாவட்ட வாசகர் கேள்விகள்

மலையோரத்தில் ஃபைபர் எட்டாத இடங்களில் இருந்து வந்த கேள்விகளுக்கே இந்த முறை முதலிடம். உங்கள் வாசல் வரை ஃபைபர் வருகிறது என்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். சாட்டிலைட் டிஷ் என்பது வேறு வழி இல்லாதவர்களுக்கு.

எங்கள் எஸ்டேட் பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிறது. ஆபீசும் வீடும் ஒன்றுதான். விசாட் (சாட்டிலைட் இணையத்துக்கான சிறிய டிஷ்) வைத்திருக்கிறோம். ஸ்பீடு டெஸ்ட்டில் 10 எம்பிபிஎஸ் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) சர்வரில் ஏதாவது செய்ய முடியுமா சார்?

நிறையவே செய்யலாம். உங்கள் டிஷ் பார்க்கும் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே போய் இறங்கி, பதிலும் அதே வழியில் வந்து சேர ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். கருவிகள் எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் 600 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். அதிக விலைக்கு பிளான் வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது.

ஆகவே வானத்துக்குப் போகும் கேள்விகளைக் குறைக்க வேண்டும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் படம், விளம்பரம், எழுத்துரு என்று பத்திருபது டொமைன் பெயர்களை பிரவுசர் தேடுகிறது. பெயருக்கு ஐபி எண்ணைத் தேடிக் கொடுக்கும் இந்த வேலைக்கு டிஎன்எஸ் என்று பெயர். சர்வரில் அதற்கான அன்பவுண்ட் மென்பொருளை நிறுவி, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அதுவே டிஎன்எஸ் என்று ரவுட்டரில் கொடுங்கள். ஒருமுறை கேட்ட பெயருக்கு அடுத்த முறை உடனே பதில் வரும். காலாவதியாகப் போகும் பெயரை முன்கூட்டியே புதுப்பிக்கும் அமைப்பும், பழைய பதிலை உடனே கொடுத்துவிட்டுப் பின்னால் புதுப்பிக்கும் அமைப்பும் அதில் உண்டு. இரண்டையும் இயக்குங்கள். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: நிறுவியபடியே விட்டால் அன்பவுண்ட் ரூட் சர்வரில் (டிஎன்எஸ்ஸின் உச்சிப் படி) தொடங்கிப் படிப்படியாக விசாரிக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு வானப் பயணம். அதனால் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கே கேள்வியை அனுப்பும்படி மாற்றிவிடுங்கள்.

அடுத்தது விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளே பூட்டிய தனிவழி. தலைமை அலுவலகத்துக்கு எல்லா டிராஃபிக்கையும் விபிஎன் வழியாக அனுப்புகிறீர்களா? டேட்டா போய்ச் சேர்ந்ததா என்று மறுமுனையிடம் ஒப்புதல் வாங்கும் முறைக்கு டிசிபி என்று பெயர். விசாட் மோடத்துக்குள் டிசிபி முடுக்கி ஒன்று உண்டு. மறுமுனையின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் மோடமே இங்கே ஒப்புதல் கொடுத்து வேலையை ஓட்டும். விபிஎன் போட்டால் உள்ளே இருக்கும் டிசிபி மோடத்தின் கண்ணுக்குத் தெரியாது, அந்த உதவியும் நின்றுவிடும். கணக்குவழக்குக்குத் தேவையானதை மட்டும் விபிஎன்னில் விடுங்கள், மற்றது நேராகப் போகட்டும். விபிஎன்னுக்குள் பெரிய ஃபைல்களை அனுப்புகிற வேலை இருந்தால் சர்வரில் டேட்டா அனுப்பும் வேகத்தைக் கணக்கிடும் பிபிஆர் முறையை இயக்கிப் பாருங்கள். லினக்ஸ் கெர்னல் 4.9 முதல் அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் சர்வர் அனுப்பும் டேட்டாவுக்கு மட்டுமே பலன், டவுன்லோடுக்கு இல்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து நடுவில் வீடு. சுற்றிலும் மரம். டிஷ் எடுக்குமா?

எந்த டிஷ் என்பதைப் பொறுத்தது. நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் என்றால் நம் மாவட்டத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நாம் ஏறத்தாழ 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் இந்தியாவுக்கான பல செயற்கைக்கோள்கள் நமக்கு உச்சிக்கு அருகிலேயே நிற்கின்றன. உதாரணமாக 74 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-11 இங்கிருந்து பார்த்தால் 80 டிகிரியை ஒட்டிய உயரத்தில் இருக்கும். தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து வானம் திறந்திருந்தால் போதும்.

ஸ்டார்லிங்க் போன்ற தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டே இருப்பவை. தாமதம் மிகக் குறைவு, ஆனால் டிஷ்ஷுக்கு அகன்ற வானம் வேண்டும். ஒரு தென்னை ஓலை குறுக்கே வந்தாலும் சில விநாடிகள் அறுந்து அறுந்து வரும். வீடியோ கால் பேசுகிறவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. அந்த வகைக்கு மொட்டை மாடியில் உயரமான கம்பம் இல்லாமல் ரப்பர் தோட்டத்தில் பயன் இல்லை.

எந்த டிஷ்ஷானாலும் கம்பத்துக்கு எர்த் போடுங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழையில் மாடியில் இருந்து இறங்கும் கேபிள் வழியாக மின்னல் சர்வர் வரை வந்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் ராஸ்பெரி பை 4 (கையடக்கக் கம்ப்யூட்டர்) சர்வரில் வயர்கார்டு விபிஎன் சில சமயம் இணைவதே இல்லை. இணையம் வேலை செய்கிறது. கீ எல்லாம் சரி. ஏன்? (அருமனை)

உங்கள் பையின் கடிகாரத்தைப் பாருங்கள். பை 4 வரை எந்த மாடலிலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரம் மறந்துவிடும், மறுபடி எழும்போது கடைசியாகக் குறித்து வைத்த நேரத்தில் இருந்து தொடங்கும். வயர்கார்டு ஒவ்வொரு முறை இணைப்புக்காகக் கைகுலுக்கும்போதும் நேர முத்திரை ஒன்றை அனுப்புகிறது. மறுமுனை தான் கடைசியாகப் பார்த்ததைவிடப் பழைய முத்திரை வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கருதிச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். லாகில் (சர்வரின் பதிவேட்டில்) ஒரு வரி கூட இருக்காது.

நேரம் சரியானால் இணைந்துவிடும். ஆனால் நேரத்தைக் கேட்கும் வழியே அடைபட்டிருக்கலாம். சரியான நேரத்தை இணையத்தில் கேட்டு வாங்கும் என்டிபி வயர்கார்டு வழியாகத்தான் போகிறது என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும். அன்பவுண்டில், வந்த பதில் போலியா என்று பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு இருந்தாலும் இதே சிக்கல்தான்: நேரம் தப்பு என்பதால் பெயர் கிடைக்காது, பெயர் கிடைக்காததால் நேரம் கிடைக்காது.

டிஎஸ்3231 கடிகார மாட்யூலையும் ஒரு பட்டன் பேட்டரியையும் வாங்கிப் பொருத்துங்கள். சில நூறு ரூபாய்தான். என்டிபியை வயர்கார்டு டனலுக்கு வெளியே விடுங்கள், ஒரு என்டிபி சர்வரையாவது பெயரில்லாமல் ஐபி எண்ணாகவே எழுதி வையுங்கள். பை 5 வாங்குகிறவர்களுக்கு: அதில் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இணையம் இல்லாமலும் வீட்டுக்குள் சர்வர் ஓட வேண்டும், கரண்ட் வந்ததும் ஆள் தொடாமல் தானே எழ வேண்டும். சோதிப்பது எளிது. டிஷ்ஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்து, வீட்டில் எது எது நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மகன் மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டு கேமராவை அங்கிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியே இருந்து நுழையும் வாசல்) திறந்தும் வரவில்லை.

ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள், அதாவது பல வீடுகள் ஒரே வெளி ஐபியைப் பகிரும் அமைப்புக்குள், இருக்கிறீர்கள். வெளியே இருந்து யாரும் உள்ளே வர முடியாது. மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் வாடகை சர்வர்) எடுங்கள். வீட்டு சர்வர் வயர்கார்டில் அதனோடு இணையட்டும், மகனும் அதே விபிஎஸ்ஸில் இணையட்டும். இணைப்பு தூங்காமல் இருக்க 25 விநாடிக்கு ஒரு உயிர்ப்பு பாக்கெட் என்று வையுங்கள். அதற்கு வீட்டில் இருந்து ஒரு நாளைக்குக் கால் எம்பி கூடப் போகாது. கேமரா பதிவு முழுவதும் சர்வர் டிஸ்க்கிலேயே இருக்கட்டும், மகன் கேட்கும்போது மட்டும் போகட்டும். கேமரா போர்ட்டை எப்படியாவது உலகத்துக்கே திறந்துவிடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

அண்ணன் கல்ஃபில் இருந்து வரும்போது சாட்டிலைட் டிஷ் ஒன்று கொண்டுவரட்டுமா என்கிறார்.

வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய அரசின் உரிமம் கிடைத்தது உண்மை. அது நிறுவனத்துக்கான உரிமம். வெளிநாட்டில் வாங்கிய டிஷ்ஷை நாம் இங்கே இயக்க அது அனுமதி ஆகாது. அனுமதியில்லாத சாட்டிலைட் கருவியை வைத்திருப்பது வழக்கில் கொண்டுபோய் விடும், அதிலும் நம்முடையது கடலோர மாவட்டம்.

மாத டேட்டா பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. வீட்டில் நாலு உபுண்டு கம்ப்யூட்டர்.

நாலும் ஒரே அப்டேட்டைத் தனித்தனியாக இறக்குகின்றன. சர்வரில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டால் ஒருமுறை இறங்கியதை மற்ற மூன்றும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். உபுண்டுவின் இன்னொரு வகை மென்பொருளான ஸ்னாப் பேக்கேஜ்கள் இதில் அடங்காது. அவை நாளைக்கு நாலு முறை தாமாகவே புதுப்பிக்கப் பார்க்கும், நேரத்தை நீங்களே குறித்து வையுங்கள்.

செப்டம்பர் கடைசியில் சில நாள் மதியம் 12.30 வாக்கில் விசாட் அறுந்து, சில நிமிடத்தில் வந்துவிட்டது. மழையும் இல்லை. (கீரிப்பாறை)

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து அதன் இரைச்சல் டிஷ்ஷுக்குள் விழுகிறது. மார்ச் நடுவிலும் இப்படி வரும். மோடத்தையும் சர்வரையும் தொட வேண்டாம், அந்த நாட்களில் மதிய பேக்கப்பை மட்டும் இரவுக்கு மாற்றிவிடுங்கள்.